அஞ்சும் குட்டியும் உலகப் பழக்கமும்

வீட்டுக்கு வந்து இரண்டு வாரமாகியும் கட்டிலடியைவிட்டு வெளிவராத குட்டி, கிரைண்டர் ஓடத் தொடங்கியதும் நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்துவிடும் குட்டி, பால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் சுவரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி ஆகியவற்றைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிடும் வழக்கம் கோவை வட்டாரத்து வீடுகளில் பரவலாக இருக்கிறது. ஆனால் அச்சம் என்பது குட்டியின் குணக்கேடு அன்று. தனக்குத் தெரியாத ஒன்றை ஆபத்து என்று எடுத்துக்கொள்வது எந்த இளம் உயிருக்கும் இயல்பான தற்காப்பு. அந்தத் தெரியாத பொருள் தெரிந்த பொருளாக மாறுவதற்கான வாய்ப்பு உரிய காலத்தில் கிடைத்ததா, கிடைத்தபோது அது எவ்வாறு அமைந்தது என்பவையே, அந்தக் குட்டி நிமிர்ந்து நடக்கும் நாயாக வளருமா ஒடுங்கிக் கிடக்கும் நாயாக வளருமா என்பதைப் பெருமளவு முடிவு செய்கின்றன. வாழ்நாளில் எதிர்கொள்ளப் போகும் மனிதர்கள், விலங்குகள், ஒலிகள், இடங்கள், தொடுகைகள் ஆகியவற்றை இளம் வயதிலேயே அச்சமின்றி ஏற்கும்படி குட்டியைப் பழக்குவதையே இவ்வத்தியாயம் ‘உலகப் பழக்கம்’ என்று குறிப்பிடுகிறது. ‘சமூகமயமாக்கல்’ என்ற சொல்லும் வழக்கில் உண்டு எனினும், குட்டி பழக வேண்டியது மனிதக் கூட்டத்தோடு மட்டுமன்று, மிக்சிச் சத்தத்தோடும் மழைக்கோட்டோடும்கூட என்பதால், இங்கே முன்னைய சொல்லே கொள்ளப்படுகிறது.

இதற்கென ஒரு பருவம் உண்டு என்பது ஆய்வால் உறுதிப்பட்ட செய்தி. நாய்க்குட்டிக்குக் கண் திறக்க ஏறத்தாழ இரண்டு வாரமும், செவித்துளை திறக்க மூன்று வாரமும் ஆகின்றன. அதன்பின் பன்னிரண்டு அல்லது பதினான்கு வார வயதை எட்டும் வரையிலான காலத்தில்தான் எது தன் உலகத்தைச் சேர்ந்தது, எது சேராதது என்று அதன் மூளை பிரித்துக்கொள்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஜான் பால் ஸ்காட், ஜான் புல்லர் ஆகியோர் ஐந்து இன நாய்களைப் பல ஆண்டுகள் வளர்த்து ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூல் இந்தப் பருவத்தை விரிவாக விளக்கியது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, அதே ஆய்வகத்தோடு தொடர்புடைய பிரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவர், வேலியிட்ட வெளியில் மனிதர் முகமே தெரியாமல் வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் ஒரு வாரம் மட்டும் மனிதரோடு பழகவிட்டுப் பார்த்திருந்தனர். ஐந்து முதல் ஒன்பது வாரத்துக்குள் பழகவிடப்பட்ட குட்டிகள் மனிதரை எளிதில் ஏற்றன. பதினான்கு வாரம் வரை பழக்கமே இல்லாதிருந்தவையோ காட்டு விலங்கைப் போல மனிதரைக் கண்டு விலகி ஓடின. கோவையில் குட்டி வாங்கும் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டிய எண்கள் இவை. ஏனெனில் குட்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே அந்தப் பருவத்தில் பாதி கழிந்திருக்கும்.

கழிந்த அந்தப் பாதி எங்கே கழிந்தது என்பதைக் கேட்டறிவது முதல் கடமை. கொங்கு நாட்டுத் தோட்டத்துச் சாளையில் பிறக்கும் குட்டியை எண்ணிப் பார்க்கலாம். கட்டுத்தறியில் மாடு மணியாட்டுகிறது. களத்தில் தேங்காய் உரிக்கிறார்கள். கிணற்று மோட்டார் ஓடுகிறது. கோழி கொத்த வருகிறது. வேலைக்கு வரும் பெண்கள் போகிற போக்கில் குட்டியைத் தூக்கிக் கொஞ்சிவிட்டு இறக்கிவிடுகிறார்கள். யாரும் பயிற்சி என்று எண்ணாமலேயே அந்தக் குட்டிக்கு ஒரு நாளில் முப்பது வகையான அறிமுகம் கிடைத்துவிடுகிறது. அதே வேளையில் அதற்குக் கிடைக்காதவையும் உண்டு: அது மின்தூக்கியை அறியாது, வழவழப்பான டைல்ஸ் தரையை அறியாது, நூறு வண்டிகள் ஒரே நேரத்தில் ஒலியெழுப்பும் சாலையை அறியாது. மாறாக, விற்பனைக்காக இரும்புக் கூண்டில் பெருகும் இனநாய்க் குட்டிக்குத் தோட்டத்துக் குட்டி பெறும் அறிமுகம் எதுவும் கிடைப்பதில்லை. தீனி வைக்க வரும் ஒரே மனிதரின் கால்களே அதன் உலகம். முப்பத்தைந்து நாளிலேயே தாயிடமிருந்து பிரித்து விற்கும் வழக்கம் வேறு இருக்கிறது. மிருகவதைத் தடைச் சட்டத்தின் கீழ் 2017இல் வெளியான நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று கூறுகின்றன. உடன்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடி, வலிக்கும்படி கடித்தால் விளையாட்டு நின்றுவிடும் என்பதை அது கற்பது அந்த வாரங்களில்தான் என்பதால், சட்டத்துக்காக அல்லாமல் குட்டிக்காகவே அந்த விதியை மதிக்க வேண்டும்.

தாய் நாயைப் பார்க்காமல் குட்டி வாங்குவது தவறு என்பதையும் இங்கேயே அழுத்திச் சொல்ல வேண்டும். அச்சத்தில் ஒரு பங்கு பிறவியிலேயே வருகிறது. அமெரிக்காவின் ஆர்கன்சாவில் மர்ஃப்ரீ என்ற ஆய்வாளர், பாயிண்டர் இன நாய்களில் அஞ்சும் நாய்களை அஞ்சும் நாய்களோடு மட்டுமே இணைத்து, மனிதரைக் கண்டதும் விறைத்து நின்றுவிடும் ஒரு தனி மரபுவழியையே உருவாக்கிக் காட்டினார். ஆளைக் கண்டால் ஓடி ஒளியும் தாயின் குட்டியைத் தேர்ந்தெடுப்பவர், கூடுதலான பொறுமையையும் சேர்த்தே வீட்டுக்கு எடுத்துச் செல்கிறார் என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

ஊசி முடியும் வரை

‘ஊசியெல்லாம் முடியும் வரை குட்டியை வெளியே கொண்டுபோகக் கூடாது’ என்பது வளர்ப்போர் அனைவரும் கேட்கும் அறிவுரை. இதில் உண்மை இருக்கிறது. பார்வோ என்ற குடல் நோயின் வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கக்கூடியது. தெருநாய்கள் நடமாடும் இடத்தில் ஊசி முடியாத குட்டியை நடக்கவிடுவது அதன் உயிரோடு விளையாடுவதாகும். ஆயினும் முதல் கூட்டுத் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில் மீண்டும் போடப்பட்டு, வெறிநோய் ஊசி மூன்று மாத வயதில் சேரும்போது, எல்லாம் நிறைவடைய ஏறத்தாழ நான்கு மாதமாகிவிடுகிறது. அதாவது, நோய்க்குப் பயந்து கதவை மூடிவைத்த காலமும் உலகப் பழக்கத்துக்கான காலமும் ஒன்றாகவே முடிந்துபோகின்றன. சரவணம்பட்டியிலோ காளப்பட்டியிலோ நான்காவது மாடியில் இவ்வாறு நான்கு மாதம் அடைந்து வளர்ந்த குட்டி, ஊசி முடிந்த மறுநாள் தெருவில் இறக்கப்பட்டதும் நடுங்குவதில் வியப்பில்லை.

விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவர் சங்கம் 2008இல் வெளியிட்ட நிலைப்பாடு இந்தச் சிக்கலுக்கு நேரடியாக விடை சொல்கிறது: முதல் ஊசி போட்டுக் குறைந்தது ஏழு நாள் ஆனபின், ஏழு எட்டு வார வயதிலேயே குட்டியைப் பாதுகாப்பான முறையில் வெளியுலகுக்கு அறிமுகம் செய்யலாம். பாதுகாப்பான முறை என்பதன் பொருள், குட்டியின் கால் பொது மண்ணில் படாமல் அதன் கண்ணும் காதும் மூக்கும் உலகத்தில் படும்படி செய்வது. கையில் ஏந்தியோ, துணி விரித்த காய்கறிக் கூடையில் வைத்தோ, காரின் இருக்கையில் அமர்த்தியோ அதை வெளியே கொண்டுசெல்ல எந்த ஊசியும் தடையில்லை. ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் காலையில் நடப்போரை எதிர்ப்புறம் நிறுத்திய வண்டிக்குள் இருந்தபடியே பத்து நிமிடம் பார்க்கலாம். போத்தனூரில் ரயில் கடந்து செல்வதை நூறு மீட்டருக்கு அப்பால் நின்று கேட்கலாம். சிங்காநல்லூர்க் குளக்கரையின் காற்றையும் பறவை ஒலியையும் மடியிலிருந்தே அறியலாம். ஊசி போட்ட, நல்ல குணமுள்ள பெரிய நாய் இருக்கும் உறவினர் வீட்டு முற்றமும் குட்டிக்கு ஏற்ற பள்ளிக்கூடமே. எந்த அளவு வெளியே செல்லலாம் என்பதை, அந்தப் பகுதியில் பார்வோ பரவியிருக்கிறதா என்று அறிந்த கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நலம்.

அச்சத்தைப் படிக்கும் கண்

பழக்கத்தைத் தொடங்கும் முன் வளர்ப்பவர் கற்க வேண்டியது ஒன்று உண்டு: குட்டி குரைப்பதற்கும் நடுங்குவதற்கும் வெகு முன்பே அதன் உடல் பேசத் தொடங்கிவிடுகிறது என்பதே அது. தூக்கமில்லாத நேரத்தில் வரும் கொட்டாவி, எதிரே உணவில்லாமலேயே உதட்டை நக்குவது, முன்னங்கால் ஒன்றை மடித்துத் தூக்கி நிற்பது, தலையைத் திருப்பிக்கொண்டு கண்ணின் வெள்ளை தெரியும்படி ஓரமாகப் பார்ப்பது, காதுகள் பின்னோக்கி மடிவது ஆகியவை முதற்படி. வால் வயிற்றடியில் செல்வதும் உடல் தாழ்வதும் அடுத்த படி. இவற்றுக்கெல்லாம் அப்பால் ஒரு படி இருக்கிறது. அதைத்தான் பெரும்பாலோர் தவறாகப் படிக்கின்றனர். குட்டி அசையாமல், கல்லைப் போல, எதை வேண்டுமானாலும் செய்துகொள் என்பது போல நிற்கிறது. பார்ப்பவர் ‘இப்போது சாதுவாகிவிட்டது’ என்று மகிழ்கிறார்.

அது சாதுத்தன்மை அன்று. 1967இல் செலிக்மன், மேயர் என்ற இரு உளவியலாளர்கள் நாய்களை வைத்துச் செய்த, இன்று எண்ணிப் பார்த்தால் மனம் வருந்தும் சோதனை ஒன்றில், தப்பிக்க வழியே இல்லாமல் துன்புறுத்தப்பட்ட நாய்கள், பின்னர் தப்பிக்க வழி இருந்தபோதும் எழ முயலாமல் படுத்துக்கிடந்தன. ‘கற்ற கையறுநிலை’ என்று பெயர் பெற்ற அந்த நிலையின் சிறிய வடிவமே, பத்துக் குழந்தைகள் ஒரே நேரத்தில் தடவ, நடுவில் விறைத்து நிற்கும் குட்டியிடம் காணப்படுவது. அஞ்சும் பொருளுக்கு நடுவே குட்டியைத் தள்ளி, பழகும் வரை விடாமல் வைத்திருப்பதை நடத்தையியலார் ‘மூழ்கடித்தல்’ என்கின்றனர். காந்திபுரம் பேருந்து நிலையத்துக்கு முதல் நாளே கூட்டிச்சென்றால் பயம் தெளிந்துவிடும் என்ற எண்ணம் இந்த வகையைச் சேர்ந்தது. தெளிவதற்கு மாறாக, அந்த இடமும் அந்த மணமும் கூட்டிச்சென்ற கையும்கூட அச்சத்தோடு இணைந்துவிடுவதே பெரும்பாலும் நிகழ்கிறது.

குட்டி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அளக்க எளிய கருவி ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது, அது உணவு. வேகவைத்த கோழித் துண்டை நீட்டினால் வாங்கித் தின்னும் குட்டி, கற்கும் நிலையில் இருக்கிறது. பசி இருந்தும் வாங்க மறுக்கும் குட்டி, தாங்கும் எல்லையைக் கடந்துவிட்டது. அப்போது செய்யத்தக்கது ஒன்றே: தூரத்தை அதிகப்படுத்துவது. எத்தனை பேரை, எத்தனை இடத்தைக் காட்டினோம் என்ற எண்ணிக்கையில் தன்னம்பிக்கை வளர்வதில்லை. வேண்டாம் என்று குட்டி விலகும்போது விலக முடிந்ததா என்பதில்தான் அது வளர்கிறது.

கிரைண்டரும் குட்டியும்

அச்சம் எழாத தொலைவிலிருந்து தொடங்கிப் பழக்கும் முறையின் அடிப்படையை 1924இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சிறுவனிடம் செய்து காட்டினார். முயலைக் கண்டால் அலறும் பீட்டர் என்ற அந்தக் குழந்தை, தனக்குப் பிடித்த உணவை உண்ணும்போது, முயற்கூண்டு அறையின் கோடியில் வைக்கப்பட்டது. அவன் உண்ணுவதை நிறுத்தாத தொலைவில் வைத்து, நாளுக்கு நாள் சிறிது சிறிதாக நெருக்கிக்கொண்டே வர, இறுதியில் அவன் ஒரு கையால் முயலைத் தடவினான். அஞ்சும் பொருளின் அளவைச் சிறுகச் சிறுகக் கூட்டுவது ‘படிப்படியாகப் பழக்குதல்’. அந்தப் பொருள் தோன்றும்போதெல்லாம் இன்பமான ஒன்றை இணைத்து, அச்சம் இருந்த இடத்தில் எதிர்பார்ப்பை ஊன்றுவது ‘எதிர்ப் பழக்குதல்’. இவ்விரண்டும் சேர்ந்து செல்ல வேண்டும்.

புவிசார் குறியீடு பெற்ற கோவையின் வெட் கிரைண்டர் இல்லாத வீடு இந்த வட்டாரத்தில் அரிது என்பதால், அதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். முதல் நாள் கிரைண்டரை ஓட்டவே வேண்டாம். அதை மேடையிலிருந்து தரையில் இறக்கி, மின்இணைப்பு இல்லாமல் வைத்து, சுற்றிலும் சுண்டைக்காய் அளவுக் கோழித் துண்டுகளைத் தூவிவிட்டு, வீட்டார் தம் வேலையைப் பார்க்க வேண்டும். குட்டி கழுத்தை நீட்டி, பின்னங்கால்களை ஊன்றிய இடத்திலேயே வைத்துக்கொண்டு, உடலை நீட்டி, கிரைண்டரிலிருந்து தொலைவில் உள்ள துண்டை மட்டும் கவ்விக்கொண்டு பின்வாங்கும். அது நல்ல தொடக்கம். கையால் தள்ளிவிடக் கூடாது. பின்னங்கால்களும் சேர்ந்து முன்னே வரும் நாளில், கிரைண்டரை அதன் வழக்கமான இடத்தில் வைத்து, ஒருவர் குட்டியோடு வீட்டின் கடைசி அறையில் அமர, மற்றொருவர் ஐந்து எண்ணும் நேரம் மட்டும் ஓட்டி நிறுத்த வேண்டும். ஒலி எழுந்த பின்னர் உணவு வர வேண்டும். உணவு வந்த பின் ஒலி எழுந்தால், உணவே வரப்போகும் கேட்டுக்கு முன்னறிவிப்பாகிவிடும். இந்த வரிசை மாறினால் முயற்சி முழுவதும் தலைகீழாகிவிடும் என்பதால் இரண்டு பேரும் பேசி வைத்துக்கொள்வது அவசியம். ஒலி கேட்டதும் குட்டி அஞ்சாமல் உணவு தரும் கையைத் திரும்பிப் பார்க்கத் தொடங்கினால், அடுத்த நாள் அறையின் கதவைத் திறந்து வைக்கலாம். அதற்கடுத்து நடையில் அமரலாம். ஓட்டும் நேரமும் நெருக்கமும் ஒரே நாளில் சேர்ந்து கூடக் கூடாது. அரைமணி நேரம் மாவாட்டும் நாள்களில், பழக்கம் முடியும் வரை, குட்டியை யாராவது மொட்டை மாடிக்கோ பக்கத்து வீட்டுக்கோ கூட்டிச்சென்றுவிட வேண்டும். பத்து நாள் சேர்த்ததை ஒரு நாள் அழித்துவிடும்.

சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய வீடுகளிலும், கணபதியின் பட்டறைத் தெருக்களிலும், ஒலியை நிறுத்தி ஓட்டும் வசதி வளர்ப்பவர் கையில் இருப்பதில்லை. அங்கே குட்டியின் படுக்கையை ஒலி குறைவான மூலையில் அமைத்து, ஒலி மிகுந்த பக்கத்துக்கு அதுவாகவே வந்து போகும்படி விடுவதே வழி. தொடர்ந்து ஒரே சீராக ஒலிக்கும் தறிச் சத்தத்துக்குக் குட்டிகள் பெரும்பாலும் விரைவில் பழகிவிடுகின்றன. திடீரென எழும் ஒலியே கடினம். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றில் கதவுகள் அடித்துக்கொள்வதும், தகரக் கூரை படபடப்பதும், தென்னைமட்டை பொத்தென்று விழுவதும், எப்போது வரும் என்று குட்டியால் கணிக்க முடியாதவை. அந்த மாதத்தில் வீட்டுக்கு வந்த குட்டிக்கு முதல் ஏற்பாடாகக் கதவுகளுக்குக் கட்டையோ கல்லோ அண்டைக் கொடுத்து வைப்பது சிறிய செயல்தான் என்றாலும் பயன் பெரிது.

ஒரம்பரை வரும்போது

கொங்கு வழக்கில் ஒரம்பரை எனப்படும் விருந்தினர் வருகை, அஞ்சும் குட்டிக்குப் பெரும் சோதனை. வந்தவர் அன்பு மிகுதியால் நேரே குட்டியை நோக்கிச் சென்று, குனிந்து, தலைமேல் கையை நீட்டுகிறார். குட்டியின் கண்ணுக்கு அது மேலிருந்து இறங்கும் பெரிய உருவம். விருந்தினரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதை யாரும் மரியாதைக் குறைவாக எண்ண வேண்டியதில்லை: ‘குட்டியைக் கண்டுக்காம உக்காருங்க, அதுவா வரட்டும்’ என்ற ஒரு சொல் போதும். அவர் பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து, குட்டியைப் பார்க்காமல், உணவுத் துண்டைக் குட்டிக்குப் பின்புறமாக விழும்படி எறிய வேண்டும். முன்புறம் எறிந்தால் உணவுக்காக அஞ்சியபடியே நெருங்கி, தின்று முடித்த கணத்தில் தான் எவ்வளவு அருகில் வந்துவிட்டோம் என்று உணர்ந்து அது திடுக்கிடும். பின்புறம் எறிந்தால், விலகிச் சென்று தின்றுவிட்டு, தானாகவே மீண்டும் நெருங்கி வரும். நெருங்குவதும் விலகுவதும் தன் விருப்பம் என்று அது அறிந்துகொள்ளும். கையை முகரவந்த குட்டியை உடனே தூக்கிவிடும் ஆசையை அடக்குவதுதான் இதில் மிகக் கடினமான பகுதி. குழந்தைகள் விஷயத்தில், ஒரு நேரத்தில் ஒரு குழந்தை, அதுவும் தரையில் அமர்ந்த நிலையில் என்பது மாறாத விதியாக இருக்க வேண்டும். வேட்டி கட்டியவர், தலையில் முண்டாசு கட்டியவர், தலைக்கவசம் அணிந்தவர், கைத்தடி ஊன்றியவர், சீருடை அணிந்தவர் ஆகியோர் குட்டியின் கண்ணுக்கு வெவ்வேறு உயிர்கள். ஒருவரை ஏற்றுக்கொண்டதால் மற்றவரையும் ஏற்கும் என்று கொள்ளக் கூடாது.

அஞ்சும் குட்டியைத் தேற்றினால் பயத்துக்குப் பரிசளித்ததாகிவிடும் என்ற கருத்து நெடுங்காலமாக நிலவுகிறது, அது சரியன்று. அச்சம் என்பது உணர்ச்சி. பரிசு கிடைக்கும் என்று எண்ணி யாரும் அஞ்சுவதில்லை. மடியை நாடி வரும் குட்டிக்கு மடி கொடுப்பது தவறே இல்லை. ஒளிந்திருக்கும் குட்டியை இழுத்து மடியில் வைப்பதே தவறு.

உணவு பற்றி ஒரு சொல்: கோழி, முட்டை, பனீர், ஈரல் எதுவாயினும் உப்பும் மசாலாவும் இல்லாமல் வேகவைத்துச் சிறு துண்டுகளாக இருக்க வேண்டும். வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெளியே பழக்கும்போதும் ஒரு கவனம் வேண்டும்: சித்திரை, வைகாசி வெயிலில் பகல் நேரத்துத் தார்ச்சாலையில் குட்டியை நடத்தக் கூடாது. புறங்கையை ஏழு நொடி சாலையில் வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதமும் அதைத் தாங்காது.

காவலுக்கு வளரும் குட்டி

தோட்டத்துச் சாளையில் முதியவர்கள் தனித்து வாழும் இந்த மண்ணில் காவல் நாயின் தேவை உண்மையானது. அதை எளிதாக எண்ணிவிட முடியாது. ஆனால் ஆள்முகம் காட்டாமல் கூண்டில் அடைத்து வளர்த்தால்தான் நாய்க்கு ஆக்ரோஷம் வரும் என்ற நம்பிக்கை பெரும் தீங்கு விளைவிக்கிறது. அவ்வாறு வளர்ந்த நாயிடம் இருப்பது துணிவன்று, மூலைக்குத் தள்ளப்பட்ட அச்சம். அது திருடனையும் தேங்காய் பறிக்க வந்தவரையும் மின்அளவி பார்க்க வந்தவரையும் வேறுபடுத்தாது. எதிர்த்து நிற்பவரிடம் பின்வாங்கி, முதுகு காட்டித் திரும்பும் பேரக்குழந்தையின் காலைக் கவ்வும். எந்தெந்த ஆள் நடமாட்டம் வழக்கமானது என்பதை அறிந்து வளர்ந்த நாய்க்குத்தான் வழக்கமில்லாதது எது என்பது புரியும். இராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை முதலிய தென்மாவட்ட இனங்கள் இன்று கோவைப் பகுதித் தோட்டங்களிலும் வளர்க்கப்படுகின்றன. புதியவரிடம் எளிதில் ஒட்டாத இயல்பு இவற்றில் மிகுதி என்பதால், இளம்பருவப் பழக்கத்தில் இவற்றுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். நாள் முழுவதும் சங்கிலியில் இருக்கும் குட்டிக்கு விலகிச் செல்லும் வழி அடைபட்டுவிடுகிறது. விலக முடியாத உயிருக்கு மிஞ்சுவது பல் மட்டுமே.

அச்சத்தால் குட்டி யாரையாவது கடித்துவிட்டாலோ பல் கீறிவிட்டாலோ, அது சிறு குட்டிதானே என்று விட்டுவிடாமல், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். வெறிநோய் வந்தபின் காப்பாற்றும் மருந்து இல்லை.

தேரும் தீபாவளியும்

பட்டாசு ஒலிக்குப் பழக்குவதைத் தீபாவளி வாரத்தில் தொடங்குவது பயனற்றது. ஆவணியிலேயே பட்டாசு ஒலிப்பதிவைக் கைபேசியில் மிகக் குறைந்த அளவில் உணவு நேரத்தில் ஒலிக்கவிட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சற்றே கூட்டி வர வேண்டும். தீபாவளி இரவிலோ, சன்னல்களை அடைத்து, மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் ஓடவிட்டு, வீட்டின் உள்ளறையில் ஒருவர் உடனிருப்பது நலம். கழுத்துப் பட்டையில் தொலைபேசி எண் இருக்க வேண்டும். மிரண்டு ஓடும் நாய்கள் ஊர் எல்லை கடந்து போய்விடுகின்றன. கோனியம்மன் தேர், ஊர் நோம்பி, ஜமாப் முழங்கும் ஊர்வலம் ஆகியவற்றுக்குக் குட்டியைக் கூட்டிச்செல்வதால் அதற்கு எந்த நன்மையும் இல்லை. மனிதருக்கு மகிழ்ச்சியான அந்த நெரிசலை வீட்டிலிருந்து தொலைவொலியாகக் கேட்பதே அதற்குப் போதுமான பழக்கம்.

மூன்று நான்கு வாரம் முறையாக முயன்றும் குட்டி உண்ண மறுத்தால், தொட்டால் கத்தினால், நன்றாக இருந்த குட்டி திடீரென அஞ்சத் தொடங்கினால், முதலில் வலியோ காதுநோயோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கோவை நகர அரசு கால்நடை மருத்துவமனையும், நாமக்கல்லில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும் இந்த வட்டாரத்தினர் அணுகக்கூடியவை. அச்சத்துக்கான மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவரே அளவு பார்த்துத் தர வேண்டும். உடலை மட்டும் தளரவைத்து மனத்தின் அச்சத்தை அப்படியே விட்டுவிடும் மயக்க மருந்துகளும் கடைகளில் கிடைப்பதால், பக்கத்து வீட்டார் சொன்ன மாத்திரையைக் கொடுக்கக் கூடாது. வளர்ந்த நாயையும் பழக்கலாம். குட்டிக்கு வாரங்களில் ஆகக்கூடியது அதற்கு மாதங்களில் ஆகும். ஆறு மாதத்தை ஒட்டி, பழகிவிட்ட பொருளையே குட்டி மீண்டும் கண்டு மிரளும் ஒரு காலமும் வருவதுண்டு. அப்போது கண்டிக்காமல், இரண்டு படி பின்சென்று மீண்டும் தொடங்கினால் போதும்.

பிறவியிலேயே கூச்சம் மிகுந்த சில நாய்கள், எவ்வளவு பழக்கினாலும், கூட்டத்தை விரும்பாதவையாகவே இருந்துவிடும். வீட்டாரோடு நெருங்கி, தெரிந்த தெருவில் வாலை உயர்த்தி நடந்து, விருந்தினர் வந்தால் மட்டும் எழுந்து உள்ளே போய்விடும் நாய், நிறைவாக வாழும் நாயே. அப்படிப்பட்ட நாய் போய்ப் படுத்துக்கொள்ளும் கட்டிலடியில் பழைய போர்வை ஒன்றை விரித்து வையுங்கள். அங்கிருக்கும்போது அதை யாரும் கூப்பிடவோ கைநீட்டி இழுக்கவோ வேண்டாம்.